36 மீற்றர் முட்கம்பி: வன்னியில் நடந்த ஒரு கணிதப் போட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியை அண்டிய கல்லூரியொன்றின் கணித மன்றம், சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் தரம் 10, 11 மாணவர்களுக்கென நடத்திய போட்டியில், ஏழாம் வினாவுக்கு ஐந்து வெவ்வேறு விடைகள் வந்து சேர்ந்தன. புள்ளியிடும் திட்டத்தில் ஒரு விடைதான் எழுதப்பட்டிருந்தது. மற்ற நான்கில் மூன்றைப் பிழையென்று நிறுவத் திருத்தும் மேசையைச் சுற்றியிருந்த எவராலும் முடியவில்லை. நான்காவதைச் சிவப்பு மையால் வெட்டியவரே சற்று நேரத்தில் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். முதலாம் இடத்துக்கான கேடயம் யாருக்கு என்பது அந்த ஒரு வினாவில் தங்கியிருந்தது. அது எப்படி எழுதப்பட்டது, மண்டபத்தில் என்ன நடந்தது, திருத்தும்போது என்ன முடிவு எடுக்கப்பட்டது, அடுத்த முறை எவை மாறின என்பவற்றை இங்கே பதிவு செய்கிறேன். வினாத்தாளைச் செம்மை பார்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதை வெளியே நின்று பார்த்தவனின் ஆய்வாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. கல்லூரியின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் விடயத்துக்குத் தேவையற்றவை, விட்டுவிட்டேன்.

யாருக்கான போட்டி

இலங்கையின் வடக்கே வன்னி என்று நாம் சொல்லும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில், ஒரு பிள்ளை எவ்வளவு கணிதம் படிக்கும் என்பதை அதன் கெட்டித்தனத்தைப் போலவே பாடசாலையின் வகையும் தீர்மானிக்கிறது. உயர்தரத்தில், அதாவது தரம் 12, 13 இல், விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ளவை 1ஏபி பாடசாலைகள். கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நிற்பவை 1சி. தரம் 11 உடன் முடிந்துவிடுபவை வகை 2. துணுக்காய்ப் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ உள்ளே இருக்கும் ஒரு வகை 2 பாடசாலையில் தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை, உயர்தரக் கணிதப் பிரிவின் பாடமான இணைந்த கணிதம் படிக்க வேண்டுமென்றால் நகரத்துக்கு வரவேண்டும். விடுதியும் பஸ் செலவும் வீட்டு நிலைமையும் இடம்கொடுத்தால் வரும். இல்லாவிட்டால் அருகிலுள்ள பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறதோ அதில் போய்ச் சேரும்.

போட்டியை உயர்தர மாணவர்களுக்கு நடத்துவதுதான் கல்லூரியின் முதல் திட்டமாக இருந்தது. அப்படி நடத்தியிருந்தால் வழமையாகச் சந்தித்துக்கொள்ளும் ஒருசில நகரப் பாடசாலைகளே மறுபடியும் சந்தித்திருக்கும். தரம் 10, 11 என்று மாற்றச் சொன்னவர் அதிபர். இந்த நிகழ்வு முழுவதிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் ஆகச் சிறந்தது அதுதான் என்பது என் எண்ணம். போட்டியன்று விடியமுன்னரே புறப்பட்ட பஸ்களில், ஒரே ஒரு வெள்ளைச் சீருடைப் பிள்ளையும் ஒரு பொறுப்பாசிரியருமாக வந்திறங்கிய பாடசாலைகளும் இருந்தன. முறிகண்டியில் பஸ் நின்றபோது வாங்கிய கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டே பதிவு மேசைக்கு வந்த ஒரு சிறுவனை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவன் பின்னர் இந்த ஆய்வில் வருவான்.

வினாத்தாளின் அமைப்பு

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பழைய மாணவர்கள் சிலர், அமெரிக்கக் கணிதப் போட்டிகளின் முறையில் பல்தேர்வு வினாக்கள் கொடுக்கலாம் என்றார்கள். அங்கே மேல்நிலை மாணவர்களுக்கான தாளில் 75 நிமிடத்துக்கு 25 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள். சரியான விடைக்கு 6 புள்ளி, விடையளிக்காமல் விட்டால் 1.5, பிழைக்குப் பூச்சியம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தெரிவைக் குறிப்பவருக்குச் சராசரியாகக் கிடைப்பது 6 இன் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 புள்ளி. அது வெறுமையாக விடுவதால் கிடைப்பதிலும் குறைவு என்பதால் ஊகிப்பவர் நட்டப்படுகிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நமது பிள்ளைகளுக்குக் கணிதத்தில் பல்தேர்வு பழக்கமில்லை. சாதாரண தரக் கணிதத்தின் முதலாம் தாளில் 25 குறுவினாக்களும் 5 அமைப்பு வினாக்களும் வருகின்றன. இரண்டாம் தாளில் செய்கையோடு விடை எழுதவேண்டும். உயர்தர இணைந்த கணிதத்திலும் பல்தேர்வுத் தாள் கிடையாது. பெட்டியில் புள்ளடி போடும் வினாவைக் கணிதத்துக்கு வைப்பது, பிள்ளையை அறியாத களத்தில் இறக்குவதாகும் என்று மூத்த ஆசிரியர்கள் சொன்னதைப் பழைய மாணவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

எனவே 20 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, வினாவுக்குக் கீழே விடைக்கு ஒரு பெட்டி என்று முடிவாயிற்று. செய்கைக்கு இடம் விடப்படவில்லை. அன்று மாலையே திருத்தி, அன்று மாலையே பரிசு கொடுக்க வேண்டும் என்பதுதான் காரணம். இந்தக் காரணத்தை அப்போது எவரும் கேள்வி கேட்கவில்லை.

வினாக்களைத் திரட்டும்போது இன்னொரு சிக்கலும் எழுந்தது. தமிழில் போட்டிக் கணக்குகள் தேடினால் கையில் அகப்படுபவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் புத்தகங்கள். அங்கே பகா எண், இங்கே முதன்மை எண். அங்கே கணம், இங்கே தொடை. அங்கே ஆரம், இங்கே ஆரை. அங்கே முக்கோணம், இங்கே முக்கோணி. அங்கே மீப்பெரு பொதுக் காரணி என்று எழுதுவதை நமது பிள்ளை பொ.கா.பெ., அதாவது பொதுக் காரணிகளுள் பெரியது, என்று படித்திருக்கிறது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினோம். கலைச்சொல்லில் காட்டிய இந்தக் கவனமே எங்களை ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். அருஞ்சொற்களை வேட்டையாடிக்கொண்டிருந்த கண்ணுக்கு, எளிய சொல்லில் இருந்த பொறி தெரியவில்லை.

ஏழாம் வினா

அச்சாகி வந்த வடிவம் இது: ஒரு விவசாயியிடம் 36 மீற்றர் நீளமான முட்கம்பி உள்ளது. கம்பி முழுவதையும் பயன்படுத்தி, பக்கங்களின் நீளங்கள் மீற்றரில் முழு எண்களாக அமையுமாறு, ஒரு செவ்வக வடிவக் காணியை அவர் எத்தனை விதமாக அடைக்கலாம்?

வினாவை முதலில் எழுதியவரின் கையெழுத்துப் பிரதியில் விவசாயியும் இல்லை, முட்கம்பியும் இல்லை. சுற்றளவு 36 மீற்றரும் பக்கங்கள் முழு எண்களுமாக உள்ள, ஒன்றோடொன்று ஒருங்கிசையாத (திருப்பி வைத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாத) செவ்வகங்கள் எத்தனை என்றுதான் அவர் கேட்டிருந்தார். நீளமும் அகலமும் சேர்ந்து 18. சிறிய பக்கம் 1 இலிருந்து 9 வரை செல்லலாம். ஆகவே விடை 9. ஒருங்கிசையாத என்ற சொல் தரம் 10 பிள்ளைக்குப் பாரமாக இருக்குமென்று அதை வெட்டி, எத்தனை விதமாக என்று இலகுவாக்கியது என் பேனா. வன்னிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று விவசாயியையும் கம்பியையும் கொண்டுவந்தவர் இன்னொருவர். இருவருமே வினாவைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டுவருவதாகத்தான் நினைத்தோம்.

போட்டி தொடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். பிரதான மண்டபத்தில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "சேர், சதுரமும் செவ்வகம்தானே, அதையும் சேர்க்கிறதோ?" என்று கேட்டது. அங்கே மேற்பார்வைக்கு நின்றவர் வரலாறு கற்பிப்பவர். தனக்குத் தெரியாத விடயத்தில் வாய் கொடுக்கக்கூடாது என்ற நேர்மையோடு, "கேள்வியில உள்ளபடி செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வகுப்பறையில் இதே கேள்வி எழுந்தபோது அங்கே நின்ற விஞ்ஞான ரீச்சர், "ஓம், சதுரமும் செவ்வகம்தான்" என்று சொன்னதோடு, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று கரும்பலகையிலும் எழுதிவிட்டார். இருவரும் தத்தம் அளவில் சரியாகவே நடந்தார்கள். ஆயினும் அந்தச் சுவருக்கு இப்பாலும் அப்பாலும் இருந்த பிள்ளைகள் அதன் பிறகு எழுதியது ஒரே வினாத்தாளை அல்ல.

திருத்தும் மேசையில்

8 என்ற விடைதான் முதலில் கவனத்துக்கு வந்தது. பிரதான மண்டபத்து விடைத்தாள் கட்டுக்குள் அது அடிக்கடி வந்தது. வகுப்பறைக் கட்டுக்குள் மிக அரிதாக வந்தது. சதுரத்தை விட்டுவிட்டால் 8. வரைவிலக்கணப்படி நான்கு கோணங்களும் செங்கோணமாக இருந்தால் அது செவ்வகம். சதுரத்துக்கும் அது பொருந்துகிறது. இதில் கணிதச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் ஆரம்ப வகுப்பிலிருந்து சதுரம் ஒரு படமாகவும் செவ்வகம் வேறொரு படமாகவும் சுவரில் தொங்குவதைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கிறார்கள். செவ்வகத்தை நம் பாட்டன்மார் நீள்சதுரம் என்றார்கள். நீளாத சதுரத்தை நீள்சதுரம் என்று ஒருவர் ஏற்கமாட்டார்தானே. 9 மட்டுமே சரி, 8 எழுதியவருக்கு வரைவிலக்கணம் தெரியாது என்று அந்த மேசையில் உரக்கச் சொன்னவன் நான்தான்.

17 வந்தபோது என் குரல் இறங்கியது. பெட்டிக்குள் 17 என்று மட்டும் இருந்தது. ஆனால் வேலைத்தாள் கொடுக்கப்படாததால் பிள்ளைகள் ஓரத்தில்தான் கணக்குப் பார்த்திருந்தார்கள். அந்த மாணவி தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக 1×17, 2×16 என்று தொடங்கி 17×1 வரை எழுதி, பக்கத்தில் இரண்டு கோடிழுத்து ஒரு வீதியையும் வரைந்திருந்தாள். வீதிப் பக்கம் 3 மீற்றர் முகப்பும் உள்ளே 15 மீற்றரும் உள்ள காணி ஒன்று. வீதிப் பக்கம் 15 மீற்றரும் உள்ளே 3 மீற்றரும் உள்ள காணி வேறொன்று. காணி வாங்கி விற்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டார். ஒருங்கிசையாத என்ற சொல் இருந்திருந்தால் இரண்டும் ஒரே செவ்வகம். எத்தனை விதமாக என்று கேட்டால் இரண்டு விதம்தான். 16 எழுதியவர்கள் இதே வழியில் போய்ச் சதுரத்தை விட்டவர்கள்.

ஐந்தாவது விடை 3. அது கச்சான் சரையோடு வந்த சிறுவனுடைய தாள். வெட்டப்பட்ட 3 இன் பக்கத்தில், பென்சிலால் மெல்லிதாக, வேலிக்கு நடும் கதியால்கள் இரண்டும் அவற்றுக்கிடையே மேல், நடு, கீழ் என்று மூன்று கோடுகளும் இருந்தன. அதற்குக் கீழே 36 ஐ 3 ஆல் பிரித்து 12; அதற்குக் கீழே 6; பிறகு 1,5 - 2,4 - 3,3. ஒற்றை வரிக் கம்பியால் எவரும் காணி அடைப்பதில்லை. மாடு குனிந்து உள்ளே வந்துவிடும். மூன்று வரி அடித்தால் சுற்றளவு 12 மீற்றர், நீளமும் அகலமும் சேர்ந்து 6, விதங்கள் 3. தன் வீட்டு வேலியை நினைத்துக் கணக்குப் பார்த்த அவன், சதுரத்தைச் சேர்க்க மறக்கவில்லை. 1,5 ஐயும் 5,1 ஐயும் இருமுறை எண்ணவும் இல்லை. மூல வினாவை எழுதியவர் எதிர்பார்த்த தருக்கத்தைப் பிசகாமல் பின்பற்றி, எங்கள் விவசாயியைத்தான் நம்பிக் கெட்டான். அவன் நான்கு வரி என்று எடுத்திருந்தால் சுற்றளவு 9, பாதி 4.5, முழு எண் பக்கங்களே இல்லை, விடை பூச்சியம் என்று ஒருவர் கணக்கிட்டுச் சொன்னபோது மேசையில் சிரிப்பு எழுந்தது. அன்று மாலை சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எடுக்கப்பட்ட முடிவு

9 ஐ மட்டும் ஏற்றால் ஒரு பாடசாலை முதலாம் இடம். 17 ஐயும் ஏற்றால் இன்னொரு பாடசாலை. ஓரத்தில் செய்கை எழுதியவர்களுக்கு மட்டும் புள்ளி கொடுக்கலாம் என்ற யோசனை வந்தது. ஆனால் செய்கை எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் எவரும் கேட்கவில்லை. மனதால் கணக்கிட்டவரைத் தண்டிப்பதாக அது முடியும். எஞ்சியவை இரண்டு வழிகள்: வினாவை நீக்கிவிடுதல், அல்லது எல்லாருக்கும் 5 புள்ளி கொடுத்தல். இவ்விரண்டில் எது நீதி என்று குழு இரண்டாகப் பிரிந்து நெடுநேரம் வாதிட்டது. எல்லோருடைய மொத்தத்திலும் ஒரே எண்ணைக் கூட்டினால் வரிசை மாறாது என்பதும், ஆகவே கேடயத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே முடிவையே தரும் என்பதும் கணித ஆசிரியர்கள் நிறைந்த அந்த அறையில் உடனே எவருக்கும் தோன்றவில்லை. தேநீர் கொண்டுவந்த உயர்தர மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான் வாதம் அடங்கியது.

வித்தியாசம் இருந்தது சான்றிதழில். 75 சதவீதமும் அதற்கு மேலும் பெறுபவர்களுக்குத் திறமைச் சான்றிதழ் என்று அறிவித்திருந்தோம். மற்றப் பத்தொன்பது வினாக்களில் 70 புள்ளி எடுத்த பிள்ளைக்கு 5 ஐக் கொடுத்தால் 100 இற்கு 75, சான்றிதழ் உண்டு. வினாவை நீக்கினால் 95 இற்கு 70, அதாவது 73.7 சதவீதம், சான்றிதழ் இல்லை. பிழை எங்களுடையது என்பதால் பிள்ளைக்குச் சாதகமான வழியே எடுக்கப்பட்டது. எல்லாருக்கும் 5 கொடுத்ததும் இரண்டு பாடசாலைகள் முதலாம் இடத்தில் சமமாக நின்றன. கேடயம் ஒவ்வொரு பாடசாலையிலும் ஆறு மாதம் இருக்கட்டும் என்று தீர்ந்தது.

இந்த முடிவு போட்டியைக் காப்பாற்றியது. நீதியைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏழாம் வினாவைத் தொடாமலே விட்டவரும், அதில் பத்து நிமிடம் செலவிட்டு வீதியும் வரைந்த மாணவியும் ஒரே 5 புள்ளியைத்தான் பெற்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் வேறு இரண்டு வினாக்களை முடித்திருக்கலாம். அதை எந்தத் திருத்தத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அடுத்த முறை

மறுமுறை வினாத்தாள் தயாரிக்கக் கூடியபோது, சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் நடைமுறைகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தோம். 1959 இல் ருமேனியாவில் தொடங்கிய அந்தப் போட்டியில், இரண்டு நாட்களில், நாளுக்கு நாலரை மணித்தியாலமாக, 6 வினாக்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. முழு நிறுவலும் எழுதவேண்டும். அதன் கடினத்தை இங்கே கொண்டுவர எவரும் நினைக்கவில்லை. எங்களுக்குப் பயன்பட்டவை இரண்டு சிறிய ஏற்பாடுகள். முதல் அரை மணித்தியாலத்தில் போட்டியாளர் தம் ஐயத்தை எழுத்தில் கேட்கலாம். அதற்கான பதிலை மண்டபத்தில் நிற்பவர் சொல்வதில்லை, வினாக்களுக்குப் பொறுப்பான நடுவர் குழுவே முடிவு செய்கிறது. மற்றையது, ஒவ்வொரு நாட்டு அணித் தலைவரும் தம் மொழியில் வினாவை ஆக்கும்போது அது மற்றவர்களின் பார்வைக்கும் வருகிறது என்பது.

முதலாவதைத் துண்டுத்தாளாக்கினோம். பிள்ளை ஐயத்தை எழுதிக் கொடுக்கும்; மேற்பார்வையாளர் வாய் திறக்காமல் அதை அனுப்புவார்; ஒரே பதில் எல்லா அறைகளின் கரும்பலகையிலும் எழுதப்படும். இரண்டாவதற்காக, வினா தயாரிப்பில் சம்பந்தப்படாத ஓர் ஆசிரியரிடமும், கணிதம் கற்பிக்காத ஒருவரிடமும் தாளைக் கொடுத்துச் செய்யச் சொன்னோம். ஒரு வினாவில் வந்த பெட்டிக்கு மூடி உண்டா இல்லையா என்று கேட்டவர் அந்த வரலாற்று ஆசிரியர். கணித ஆசிரியர்கள் ஐந்து பேர் அதைப் பார்த்துக் கடந்து போயிருந்தோம்.

பெரிய மாற்றம் தாளின் அமைப்பில் வந்தது. குறுவினாக்களைக் குறைத்து, செய்கையோடு எழுதவேண்டிய மூன்று நெடுவினாக்களைச் சேர்த்தோம். அவற்றில் ஒன்று, 1 முதல் 100 வரையுள்ள எண்களில் ஒற்றை எண்ணிக்கையான காரணிகளைக் கொண்டவை எத்தனை, ஏன் என்று கேட்டது. நகரப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் எண்ணை முதன்மைக் காரணிகளாக எழுதி, அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கும் முறையைக் கையாண்டார்கள். அது ரியூசனில் படித்தது என்பது கையெழுத்தின் வேகத்திலேயே தெரிந்தது. உயர்தரக் கணிதப் பிரிவே இல்லாத ஒரு பாடசாலையிலிருந்து வந்த தரம் 11 மாணவி அந்தச் சூத்திரத்தைக் கண்டிருக்கமாட்டாள். 12 ஐ எடுத்து 1 ஐயும் 12 ஐயும், 2 ஐயும் 6 ஐயும், 3 ஐயும் 4 ஐயும் வளைகோடுகளால் சோடி சேர்த்தாள். பிறகு 36 ஐ எடுத்து அதேபோல் சேர்த்துக்கொண்டு வந்து, 6 இலிருந்து புறப்பட்ட வளைகோட்டை 6 இலேயே கொண்டுவந்து முடித்தாள். காரணிகள் எப்போதும் சோடியாகவே வரும் என்றும், ஓர் எண் தன்னோடு தானே சோடி சேர்ந்தால் மட்டுமே ஒன்று தனித்து நிற்கும் என்றும், அப்படி நடப்பது நிறைவர்க்கங்களில் மட்டும் என்றும், 1 இலிருந்து 100 வரை அவை 10 என்றும் நான்கு வரியில் எழுதியிருந்தாள். திருத்திய இருவரும் தனித்தனியே முழுப் புள்ளி கொடுத்திருந்தார்கள். பெட்டி மட்டும் இருந்திருந்தால் அவளுடையதும் எட்டிப் பார்த்து எழுதியவருடையதும் ஒரே 10 ஆகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அது இன்னும் தீரவில்லை. நெடுவினாவை இருவர் திருத்தி, அவர்கள் வேறுபட்டால் மூன்றாமவர் பார்ப்பதென்றால் அன்று மாலைக்குள் முடியாது. அன்று மாலைக்குள் முடிக்க முயன்றால் துணுக்காய்க்கும் பூநகரிக்கும் போகும் பஸ் போய்விடும். ஆகவே முடிவுகள் பின்னர் பாடசாலைகளுக்குக் கடிதமாகப் போகின்றன. பரிசளிப்பு வேறொரு நாளில் நடக்கிறது. முதல் முறை மண்டபம் நிறைந்திருந்தது, இப்போது பரிசு பெறுபவர்களும் அவர்களுடைய பொறுப்பாசிரியர்களும்தான் வருகிறார்கள். பிரதம விருந்தினருக்கு முன்னால் வெறுங் கதிரைகள் தெரிவது கல்லூரி நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. போட்டி நாளின் பிற்பகலை நிரப்ப மணியடித்து விடை சொல்லும் சுற்றொன்றை மேடையில் நடத்துகிறார்கள்; பார்வையாளருக்கு அதுதான் விருப்பம், கைதட்டலும் அதற்குத்தான். மணியடிப்புப் புள்ளிகளை எழுத்துத்தாளின் புள்ளிகளோடு கூட்டக்கூடாது என்று நான் கேட்டிருக்கிறேன். கணித மன்றம் இதுவரை பதில் சொல்லவில்லை.